துவரம்பருப்புக்கு எந்த ஊர்?

மதுரைப் பக்கம் பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பெயர் கேட்பதற்கு முன்னால் ஊர் கேட்பார். "தம்பிக்கு எந்த ஊர்?" திருமங்கலம் என்று சொன்னால் அதோடு விடமாட்டார். திருமங்கலத்தில் எந்தப் பக்கம், ஊருக்கு உள்ளேயா வெளியேயா, ரயில்வே கேட்டுக்கு இந்தப் புறமா அந்தப் புறமா என்று பேச்சு நீளும். பெண் பார்க்கப் போனாலும், வாடகைக்கு வீடு கேட்டாலும், சந்தையில் மாடு பிடித்தாலும் இதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்குள் சாதி விசாரணை ஒன்றும் பதுங்கியிருக்கும்; அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

ஆளுக்கு ஆள் இப்படி ஊர் விசாரிக்கிற நாம், தினமும் வயிற்றுக்குள் அனுப்புகிற பருப்பை மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்க வைத்தது ஒரு வாரம் முழுக்கப் பொங்காமல் போன இட்லி மாவு. அரிசி அதே அரிசி, கிரைண்டர் அதே கிரைண்டர், வெயிலுக்கும் குறைவில்லை. "உளுந்துதான் சரியில்லை" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொதியிட்டவரின் முகவரி இருந்தது, உரிம எண் இருந்தது, புரதம் இத்தனை கிராம் என்று இருந்தது. அந்த உளுந்து எந்த மண்ணில் முளைத்தது என்பது மட்டும் இல்லை.

மறுநாள் கீழமாசி வீதிக்குப் போனேன். மதுரையின் மளிகை மொத்த வியாபாரம் பல தலைமுறைகளாக அந்தத் தெருவில்தான் நடக்கிறது. மல்லியும் வத்தலும் கலந்த நெடியில் தும்மாமல் அதைக் கடந்தவர் குறைவு. உள்ளே சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "அண்ணாச்சி, இது எந்த ஊர் உளுந்து?" என்று கேட்டேன். பல நாளாக யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டவனைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு சாக்குகளிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து என் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார்.

"இது நாடு. இது பர்மா."

இடது கையில் இருந்தது சற்றுச் சிறுத்து, மங்கிய வெள்ளையில், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருந்தது. வலது கையில் இருந்தவை அச்சில் வார்த்ததுபோல் பெரிய, உருண்ட மணிகள். எனக்கு வலது கைதான் பிடித்திருந்தது. அதைச் சொன்னதும் சிரித்தார்.

"கண்ணுக்கு அதுதான் நன்றாக இருக்கும் தம்பி. மாவு காண வேண்டும் என்றால் நாட்டு உளுந்து. விலை கட்டுப்படியாக வேண்டும் என்றால் பர்மா. ஓட்டல்காரர்கள் இரண்டையும் கலந்து போட்டுவிடுவார்கள்."

அந்தக் கடையில் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. வியாபாரிகள் தங்களுக்குள் பேசுவது முழுக்க ஊர்ப் பெயர்களில்தான். பர்மா உளுந்து, டான்சானியா துவரை, குண்டூர் வத்தல், ராமநாதபுரம் முண்டு, கர்நாடகப் பொன்னி. கேட்டுக்கொண்டிருந்தால் பூகோள வகுப்பில் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. அதே சரக்கு கல்லாவைத் தாண்டி நம் பைக்குள் வரும்போது ஊரைக் கழற்றி வைத்துவிட்டு கம்பெனிப் பெயரோடு வருகிறது. உணவு எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் ரகசியமாக வைத்திருக்கவில்லை. அதை அறிந்தவர்கள் கல்லாவுக்கு அந்தப்புறம் இருக்கிறார்கள், நாம் இந்தப்புறம் நிற்கிறோம்.

மியான்மர் என்று நாடு பெயரை மாற்றிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் இன்றும் அது பர்மாதான். மதுரைக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஊர், பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் வியாபாரத்தில் தென் தமிழ்நாட்டுக்கே விலை சொல்லும் ஊர். அங்கே விலை அசைந்தால் மதுரையில் தோசை அசையும்.

இதில் வேடிக்கை, பர்மியர்கள் உளுந்தைப் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. அவர்களுக்கு இட்லி கிடையாது, நம்மைப்போல் உளுத்தங்கஞ்சியும் கிடையாது. நெல் அறுத்த வயலில் அடுத்த பயிராக விதைத்து, விளைந்ததில் பெரும்பகுதியைக் கப்பலேற்றிவிடுகிறார்கள். வாங்குகிற முக்கியமான வீடு நம்முடையது. ஏற்றுமதியில் இரண்டு தரம் உண்டு. அதில் எஸ்.க்யூ. என்று வியாபாரிகள் சொல்வது பெரிய மணி. தோல் நீக்கி முழு வெள்ளை உளுந்தாக்குவதற்குத் தோதானது. என் வலது கையில் இருந்தது அந்த வகையறா. சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களில் கறுப்புத் தோலோடு இறங்கி, மில்லில் தோலுரிந்து, பாலிஷ் ஏறி, நம் கைக்கு வெள்ளையாக வருகிறது.

2021 ஜூன் மாதத்தில் இந்திய அரசு மியான்மருடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகம் வழியாக வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்றுதான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. ரங்கூன் தெருவில் துப்பாக்கி வெடித்த மாதங்களிலும் மதுரையில் இட்லித் தட்டு காலியாக இருக்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் காலை உணவுக்கும் அந்த நாட்டின் அரசியலுக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாட்டு உளுந்து எங்கே போனது? போகவில்லை. டெல்டாவில் சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்து தூவுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சாமல், பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளைகிற பயிர் அது. காலந்தவறிய ஒரு மழை போதும், பூ கொட்டிவிடும். அப்படி விளைந்து வருவது நம் நாக்கின் தேவைக்குப் போதாது. வீட்டுக்கு வீடு ஈர கிரைண்டரும், தெருவுக்குத் தெரு மாவுக் கடையும் வந்த பிறகு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அவிந்த இட்லி அன்றாடமாகிவிட்டது. என் பாட்டி காலத்து உசிலம்பட்டிப் பக்கத்து வீடுகளில் அன்றாடம் கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும்தான். இட்லி விசேஷ நாள் பலகாரம். பர்மா உளுந்து இல்லையென்றால் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

இனி பாக்கெட்டுக்கு வருவோம். சட்டப்படி அதில் இருக்க வேண்டியவை: தயாரித்தவர் அல்லது பொதியிட்டவரின் பெயர், முகவரி, உரிம எண், எடை, தேதி. இறக்குமதியான உணவென்றால் பிறந்த நாட்டின் பெயரும் வேண்டும். ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது. ஓர் உணவு இன்னொரு நாட்டில் அதன் தன்மை மாறும்படி பதப்படுத்தப்பட்டால், பதப்படுத்திய நாடே அதன் பிறப்பிடமாகக் கொள்ளப்படும். சர்வதேச வணிகத்திலும் இதே முறைதான், இந்தியா தனியாகக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. வெளிநாட்டில் விளைந்த துவரை முழுதாக வந்து இறங்கி, இங்கே மில்லில் உடைபட்டு, பொதியாகி வரும்போது, பாக்கெட்டில் அதன் தாய்மண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். என் சமையலறையில் இருந்த அத்தனை பருப்புப் பாக்கெட்டுகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் வயல் இல்லை. எல்லாவற்றிலும் தொழிற்பேட்டைதான் இருந்தது.

துவரையின் கதை இது: உலகில் அதிகம் விளைவிப்பதும் இந்தியா, அதிகம் உண்பதும் இந்தியா, அதிகம் இறக்குமதி செய்வதும் இந்தியா. கர்நாடகத்தின் கலபுரகியும் அதையொட்டிய மராட்டியப் பகுதியும் துவரை நாடு. ஜூன், ஜூலையில் விதைத்தால் டிசம்பருக்குப் பிறகுதான் அறுப்பு. அதற்கு முந்தைய சில மாதங்களில், கையிருப்பு கரைந்து விலை ஏறுகிற நேரத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவின் அறுவடை வந்து சேர்கிறது. மொசாம்பிக், டான்சானியா, மலாவி. 2016இல் மொசாம்பிக்குடனும், 2021இல் மலாவியுடனும் அரசு ஒப்பந்தங்கள் போட்டது இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான். ஐப்பசி மழையில் நாம் ஊதி ஊதிக் குடிக்கிற ரசத்தில் ஆப்பிரிக்க வெயில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அதே ரசத்தில் போடுகிற பெருங்காயத்துக்கு ஆப்கானிஸ்தான், ஈரான் மலைச்சரிவுகள். வேரைக் கீறி வடிக்கிற பால் அது. இந்தியாவில் அந்தச் செடியை வளர்க்கும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. நாம் டப்பாவில் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். மாவும் பிசினும் கூட்டி வீரியத்தைக் குறைத்தது. தனிப் பாலை ரசத்தில் போட்டால் தெருவே எழுந்துவிடும். மல்லி ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்திலிருந்து. உப்பு தூத்துக்குடி. சாம்பார் வெங்காயம் திண்டுக்கல், பெரம்பலூர்ப் பக்கம். பல்லாரி என்று நாம் சொல்கிற பெரிய வெங்காயம் பெயருக்கு பெல்லாரியாக இருந்தாலும், பெரும்பாலும் வருவது நாசிக்கிலிருந்து. ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டு, ஊர் மாறிவிட்ட சரக்குக்கு இது ஓர் உதாரணம். சர்க்கரையை நாம் சீனி என்கிறோம். அந்தப் பெயருக்குள் சீனா இருக்கிறது, சரக்கு வருவதென்னவோ வேறு எங்கிருந்தோ. அலங்காநல்லூர் கூட்டுறவு ஆலை அரவை இல்லாமல் கிடக்கத் தொடங்கிய பிறகு, மதுரைக்காரர் டீயில் மதுரைக் கரும்பு கலப்பதற்கு வழி குறைந்துவிட்டது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பெருமூச்சு வரும். "அந்தக் காலத்தில் எல்லாம் நம் மண்ணில் விளைந்ததைத்தான் சாப்பிட்டோம்." எனக்கும் இப்படிச் சொல்ல ஆசைதான். சரித்திரம் இடம் கொடுக்கவில்லை.

மதுரையிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரத்தில் செட்டிநாடு. அங்கே நிற்கும் அரண்மனை வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூண்களை வாங்கிய பணம் எதிலிருந்து வந்தது என்பதுதான் நம் விஷயம். ஐராவதி டெல்டாவைக் காடழித்து நெல்வயலாக்கிய பர்மிய விவசாயிகளுக்கு நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் அடைபடவில்லை, நிலம் கை மாறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் செட்டியார்களிடம் வந்துவிட்டிருந்தது. அன்று உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த அரிசி கப்பல் கப்பலாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் கப்பல் நின்றது. ரேஷன் அட்டை என்ற பொருள் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது. பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பி வந்த குடும்பங்களின் கதை மதுரையிலும் சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். ஆக, நம் தாத்தா காலத்துச் சோற்றிலும் பர்மா இருந்தது. இன்று அரிசிக்குப் பதிலாக உளுந்து வருகிறது.

நம்முடையது என்று மார்தட்டும் பொன்னியையும் கொஞ்சம் விசாரித்தேன். பொன்னி காவிரியின் பெயர். ஆனால் அந்த நெல்லின் தாய், மலேயாவில் உருவான மஷூரி. தைவானின் தைச்சுங் 65 என்ற ரகத்தையும் மலேயாவின் மயாங் எபோஸ் 80 என்ற ரகத்தையும் ஒட்டிப் பிறந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் அதிலிருந்து நமக்குத் தோதானதைத் தேர்ந்தெடுத்து வெள்ளைப் பொன்னி ஆக்கினார்கள். இப்போது மதுரைக் கடைகளில் மூட்டை மூட்டையாக இறங்குவது கர்நாடகப் பொன்னி. காவிரியின் பெயரில், மலேயா வம்சத்தில், கர்நாடகத்தில் விளைந்து, மதுரையில் சோறாகிறது. தண்ணீருக்குச் சண்டை போடுகிற இரண்டு மாநிலங்கள் அரிசியில் சத்தமில்லாமல் கலந்து கிடக்கின்றன.

"சரி, மேலூர் நெல் நம்முடையதுதானே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். மேலூர்க்காரர், விட்டுக்கொடுக்க மாட்டார். மண் மேலூருடையதுதான். தண்ணீர்? அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறம் பெய்து, அரபிக்கடலுக்குப் போக வேண்டிய மழை. பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அந்த ஆற்றை நிறுத்தி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, 1959 முதல் வைகை அணையில் தேங்கி, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதான கால்வாயில் ஓடி மேலூருக்கு வருகிறது. இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர், மேலூர்ப் பக்கம் ஒருபோகம் 85,563 ஏக்கர், திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர். ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் திறப்பு அறிவிப்பில் இந்த எண்கள் மந்திரம்போல் திரும்ப வரும். கடைமடையில் இருக்கும் மேலூர்க்காரர்கள், தண்ணீர் எப்போது வரும் என்று மலையாள நாட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மழையும் சும்மா போவதில்லை. கம்பத்துத் தோட்டங்களிலிருந்தும் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்தும் இரவோடு இரவாகக் கேரளத்துக்கு லாரி போகிறது. தண்ணீராக வந்தது, காய்கறியாக ஊர் திரும்புகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு வந்தால் மதுரைக்காரனுக்குக் கொஞ்சம் சங்கடம். மதுரை என்றாலே பரோட்டா. வாழை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, ஊறவிட்டுச் சாப்பிடுகிற அந்தச் சுகத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் கோதுமை நம் சீமையில் விளைவதில்லை. வடக்கிலிருந்து ரயிலேறி வந்து, ஆலையில் அரைபட்டு மைதாவாகிறது. கல்லில் தாராளமாக ஊற்றுகிற எண்ணெய், பெரும்பாலும் இந்தோனேசியா அல்லது மலேசியாவின் பாமாயில். கொத்துப் பரோட்டாவின் முட்டை நாமக்கல். அந்தக் கோழி தின்ற சோயாப் பிண்ணாக்குக்கு மத்தியப் பிரதேசம் வரை போக வேண்டும். அப்புறம் மதுரை எங்கே இருக்கிறது? மாஸ்டரின் கையில் இருக்கிறது. மாவை வீசி, காற்றில் துணிபோல் விரித்து, சுருட்டி அடிக்கிற கையை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியவில்லை. இலை மட்டும் பக்கத்துத் தோட்டம்.

எண்ணெய் விஷயத்தில் ஊர் தெரியவந்தது ஒரு போரினால். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில், மதுரை மளிகைக் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலை தாவியது. அதுவரை இந்தியாவுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனுடையது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே மாதம் மூன்றாவது வாரம் கழித்துத்தான் திறந்தது. அந்த வாரங்களில் எங்கள் தெரு வடைக்கடைக்காரர் கருங்கடலைப் பற்றிப் பேசினார். 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறைத் தாண்டியபோது, தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கு எகிப்து வெங்காயம் வந்தது. உரித்தவர்கள் காரமே இல்லை என்று முகம் சுளித்தார்கள். 2023 ஜூலையில் தக்காளி விலை தாவியது. விலை ஏறும்போது மட்டும் சரக்குக்கு ஊர் முளைக்கிறது, இறங்கியதும் அந்த ஊர் மறந்துபோகிறது.

ஜிகர்தண்டாவைப் பற்றிச் சொல்லாமல் மதுரை உணவைப் பற்றி எழுதினால் ஊருக்குள் விடமாட்டார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சுவதும், நன்னாரி சர்பத்தும், ஐஸ்கிரீமும் எல்லோருக்கும் தெரியும். டம்ளரின் அடியில் வழுக்கிக்கொண்டு கிடக்கிற அந்தக் கடற்பாசியை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. இப்போது பல கடைகளில் அந்த இடத்தை பாதாம் பிசின் பிடித்துக்கொண்டது. அசல் கடற்பாசி, சைனா கிராஸ் என்ற பெயரில் கடையில் விற்கிற அகர். இதிலும் ஒரு சீனா. ஆனால் மூலப்பொருள் கிடைப்பது மன்னார் வளைகுடாவில், மதுரையிலிருந்து நான்கு மணி நேரத்தில்.

பாம்பன், ராமேசுவரம் கரையோர ஊர்களில் பாசி எடுப்பது பெண்கள் வேலை. விடிவதற்கு முன்னால் படகில் ஏறிப் போவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச் சுற்று, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் பாசி போடுகிற பை. மூச்சை அடக்கிக் கீழே போய், பவளப்பாறை இடுக்கில் இருப்பதைப் பறித்துக்கொண்டு மேலே வந்து, மறுபடி உள்ளே. அவர்கள் தேடுகிற உயர்ந்த வகைக்கு மரிக்கொழுந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மதுரையில் மல்லிகையோடு சேர்த்துக் கட்டுகிற அதே மரிக்கொழுந்து. கடலுக்கடியில் அந்தப் பெயரைச் சூட்டியவர் யாரோ, நல்ல ரசிகர். இன்னொன்று கஞ்சிப் பாசி. கரையில் காயவைத்து வியாபாரிக்குப் போட்டால் அது மதுரைக்கு வரும். இந்த நகரிலும் சுற்றுப்புறத்திலும் அகர் ஆலைகள் உண்டு என்பது மதுரைக்காரர் பலருக்கே தெரியாது. பாசியைக் கழுவி, வேகவைத்து, வடிகட்டினால் கெட்டியாக உறையும். அந்தக் கட்டியை ஐஸாக உறைய வைத்து, பிறகு உருகவிட்டால் தண்ணீர் ஓடிப்போய் நார்போல் அகர் நிற்கும். வெயிலில் உலர்த்தினால் நாம் பாக்கெட்டில் வாங்குகிற வெள்ளைச் சருகு.

அந்தப் பெண்கள் பறிக்கிற இடத்துக்கு ஒரு வழக்கும் உண்டு. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியக் கடல் பூங்கா ஆயின. பாட்டி, அம்மா என்று வழிவழியாகப் போன இடம் ஒரு நாள் தடைசெய்யப்பட்ட இடமானது. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பது நியாயம். கையால் பறிக்கிறவளை வனத்துறை துரத்துவது எவ்வளவு நியாயம் என்று எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. சித்திரை வெயிலில் கீழவாசல் பக்கம் நின்று ஒரு டம்ளர் ஜிகர்தண்டா குடிக்கிறவனுக்கு இந்தத் தகராறில் ஒரு பங்கு இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

ஊர்ப்பெயரைப் பாதுகாக்க அரசிடம் ஒரு வழி உண்டு: புவிசார் குறியீடு. சிறுமலை வாழைப்பழத்துக்கு 2008இல் கிடைத்தது, மதுரை மல்லிக்கு 2013இல், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல். 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய், கம்பம் பன்னீர் திராட்சை, சோழவந்தான் வெற்றிலை. நல்ல காரியம்தான். ஆனால் பட்டியலைப் பாருங்கள். தலையில் வைக்கிற பூவுக்கு ஊர் இருக்கிறது, சாப்பிட்டு முடித்துப் போடுகிற வெற்றிலைக்கு ஊர் இருக்கிறது. நடுவில் வயிறு நிறையச் சாப்பிடுகிற சோற்றுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பெரும்பாலும் அந்த மரியாதை வாய்ப்பதில்லை.

ஊர் கேட்டால் முகம் பார்த்துப் பதில் கிடைக்கிற ஓர் இடம் மதுரையில் இருக்கிறது. அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று அன்றைய முதலமைச்சர் கருணாநிதி தொடங்கிவைத்த, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான். மாட்டுத்தாவணி மொத்த மார்க்கெட்டில் சரக்கு கமிஷன் மண்டிக்கு வந்து, ஏலம் போய், சில்லறைக் கடைக்குப் பிரிகிறது. விளைவித்தவர் யாரென்பது அதிகாலையிலேயே தொலைந்துவிடுகிறது. உழவர் சந்தையில் தரகர் கிடையாது. நிலமும் பயிரும் சரிபார்த்து, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்து, தராசும் கொடுத்து, கடை ஒதுக்குவார்கள். மொத்த விலையைவிட 20 சதவீதம் கூட்டி, சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைத்து அன்றன்றைக்கு விலை எழுதிப்போடுவது ஏற்பாடு. குறைகளும் உண்டு. ஊட்டி கேரட்டும் கொடைக்கானல் பீன்ஸும் சமவெளி உழவரிடம் விளைவதில்லை. அவை வேறு வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

போன வாரம் அங்கே ஓர் அம்மாவிடம் அரைக்கீரை வாங்கினேன். இலையில் ஈரம் காயவில்லை.

"எந்த ஊர் அக்கா?"

"வாடிப்பட்டிக்கு உள்ளே தள்ளி, தம்பி. கால்வாய் ஓரம்தான் தோட்டம். அரை ஏக்கர்."

விதை யார் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை, இரண்டு பாத்தியை அறுக்காமல் முற்றவிட்டு, அவரே உதிர்த்து வைத்துக்கொள்கிறார். உரம், தொழு உரம். மாடு சொந்த மாடு. இரவு பத்து மணிக்குப் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி, முதல் பஸ்ஸில் ஏற்றியது. என் சமையலறை முழுக்கத் தேடி எந்தப் பாக்கெட்டிலும் கிடைக்காத அத்தனை விவரமும், இருபது ரூபாய்க் கீரைக் கட்டுக்கு ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது.

ஒன்பது மணி சுமாருக்குக் கடையைக் கட்டத் தொடங்கினார். மீந்த இரண்டு கட்டுகளில் ஒன்றை என் பையில் போட்டார். காசு கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். தராசை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, சாக்கை உதறி மடித்து, சும்மாடாகச் சுருட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பேசலாம் என்று பார்த்தேன். அவருக்கு அவசரம்.

"ரேஷன் கடையில் இன்றைக்குத் துவரம்பருப்பும் பாமாயிலும் போடுகிறார்கள் தம்பி. பதினொரு மணிக்குள் போகவில்லை என்றால் எண்ணெய் தீர்ந்துவிடும்" என்று சொல்லிவிட்டு, வாடிப்பட்டி பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.